சித்திரைக் கூத்துக்கு வேஷம் கேட்டுப் போகிறவர்களுக்கு

பங்குனி பிறந்தால் போதும், திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டை, சோளிங்கர், குடியாத்தம் பக்கமும், எல்லை தாண்டி நகரி, புத்தூர், சித்தூர் பக்கமும் பாரதக் கூத்துக்கு ஊர்கள் தயாராகத் தொடங்கிவிடும். இந்தப் பக்கம் திரௌபதி அம்மன் கோவில் என்பார்கள், அந்தப் பக்கம் தர்மராஜா கோவில் என்பார்கள். மத்தியானம் பாரதப் பிரசங்கம், ராத்திரி கூத்து, முடிவில் துரியோதனன் படுகளம், தீமிதி. ஆடி வரைக்கும் ஊர் மாற்றி ஊர் இதே வேலை. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி மெட்ராஸ் மாநிலத்தோடு சேரும்வரை திருத்தணியே சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. அதனால் ஒரே ஜமா (கூத்துக் குழு) இரண்டு பக்கத்து ஊர்களிலும் தாம்பூலம் வாங்கி, அதாவது ஆட ஒப்புக்கொண்டு, ஆடுவதை இங்கே யாரும் வித்தியாசமாகப் பார்ப்பதில்லை.

கூத்துக் குடும்பத்தில் பிறக்காமல், வேறு வேலையோ படிப்போ பார்த்துக்கொண்டு, அடுத்த கோடையில் ஒரு வேஷமாவது கட்டிவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்காக எழுதியது இது. வேஷம் கேட்டு, ஜமாவை நடத்தும் வாத்தியாரிடம் போவதற்கு முன் என்ன தயார் செய்வது, அவர் எப்படிச் சோதிப்பார், எங்கே தவறும், ஏன் தவறும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டு நிமிஷம் நடித்துக் காட்டிவிட்டு வருகிற சினிமா ஆடிஷன் இல்லை இது. ராத்திரி பத்து மணிக்குக் கட்டிய கட்டையோடு (கிரீடம், மார்பதக்கம் முதலான மர அணிகள்) விடியற்காலை மூன்று மணிக்கும் இந்த ஆள் தாளத்தில் நிற்பானா, பக்கத்து வேஷக்காரர் அடியை மறந்தால் எடுத்துக் கொடுப்பானா, இதைத்தான் வாத்தியார் பார்ப்பார். கீழே சொல்லும் ஒவ்வொரு பயிற்சியும் அந்த மூன்று மணியை மனதில் வைத்துச் சொல்வது.

எப்போது போவது

சித்திரையில் போய் வேஷம் கேட்பவர்கள்தான் அதிகம். அப்போது ஜமா தினமும் ஓர் ஊரில் இருக்கும். வாத்தியாருக்குத் தூங்க நேரம் இருக்காது, உங்களைப் பாடச் சொல்லிக் கேட்கப் பொறுமையும் இருக்காது. ஆடி முடிந்து, புரட்டாசியில் வரும் ஓரிரு கூத்தும் முடிந்து, ஐப்பசி அடைமழையில் ஜமா ஓய்ந்திருக்கும். கார்த்திகை மாதம் போங்கள். அடுத்த வருஷத்துக்கு யார் யார் இருப்பார்கள், யார் வேறு ஜமாவுக்குப் போகிறார்கள் என்று கணக்குப் போடும் நேரம் அது. தை, மாசியில் ஊர்க்காரர்கள் தாம்பூலத்தோடு வரத் தொடங்கும்போது ஆள் வரிசை பெரும்பாலும் முடிவாகியிருக்கும்.

இன்னொரு வாசலும் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் கருமாதி ராத்திரிக்குக் கர்ண மோட்சம் வைக்கும் வழக்கம் உண்டு. அதற்கு மாதக் கணக்கு கிடையாது, திடீரென்று வரும். திடீரென்று வருவதால் ஆள் குறையும். புது ஆளுக்கு முதல் சந்தர்ப்பம் பெரும்பாலும் அந்த மாதிரி ஒரு ராத்திரியில்தான் கிடைக்கும். ஆகவே எந்தக் கூத்தைத் தெரிந்துகொண்டாலும் இல்லாவிட்டாலும், கர்ண மோட்சத்தின் ஓட்டத்தை முழுதாகத் தெரிந்து வைத்திருங்கள்.

ஜமாவைத் தேர்ந்தெடுப்பது

ஒரே ஜமாவின் ஒரே கூத்தைக் குறைந்தது மூன்று ராத்திரி, மூன்று ஊரில் பாருங்கள். முன்வரிசையில் உட்கார வேண்டாம். மத்தளக்காரருக்குப் பக்கவாட்டில், அவர் கை தெரிகிற இடத்தில் உட்காருங்கள். ஒரு நோட்டில் மணி எழுதுங்கள்: களரி (ஆடுகளம்) கட்டியது எப்போது, கட்டியக்காரன் வந்தது எப்போது, முதல் திரை எப்போது, எந்த வேஷம் எத்தனை நிமிஷம் நின்றது. மூன்று ராத்திரிக் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எது கூட்டத்தைப் பார்த்து நீட்டப்படுகிறது, எது மாறாமல் இருக்கிறது என்று தெரிந்துவிடும். மாறாமல் இருப்பதை நீங்கள் பாடம் செய்ய வேண்டும். நீட்டப்படுவதை இப்போது தொடவேண்டாம்.

செல்போனில் ரெக்கார்ட் செய்வதாக இருந்தால் வாத்தியாரைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கேட்காமல் எடுத்தது தெரிந்து, அதனாலேயே திண்ணையில் உட்காரக்கூட இடம் கிடைக்காமல் போனவர்கள் உண்டு. படம் வேண்டாம், ஒலி மட்டும் போதும். படம் எடுத்தால் வேஷக்காரரின் கையைத்தான் பார்ப்பீர்கள். ஒலி மட்டும் இருந்தால் எங்கே மூச்சு வாங்குகிறார் என்று காது தேடும்.

சில ஜமாக்கள் பரம்பரையாக ஒரே குடும்பத்தில் இருக்கும். வெளியாளுக்குப் பின்பாட்டு (பின்னால் நின்று அடியை எடுத்துப் பாடுவது) கொடுப்பார்கள், கட்டை கொடுக்கமாட்டார்கள். வருத்தப்பட ஒன்றுமில்லை, அவர்கள் பிள்ளைகளே வரிசையில் காத்திருப்பார்கள். வேறு ஜமா பாருங்கள். பெண்கள் இன்னும் கொஞ்சம் விசாரித்துப் போக வேண்டும். பெண் வேஷத்தையும் ஆண்களே கட்டுவது பழைய வழக்கம். ஆனால் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் நடந்த கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் முறையாகப் படித்து, துரியோதனன் மாதிரியான வேஷங்கள் வரை கட்டி ஆடினார்கள். அதனால் கேட்பதில் தயக்கம் வேண்டாம். வேஷம் கட்டத் தனி மறைப்பு உண்டா, திரும்பி வரும் வண்டியில் யார் யார் வருவார்கள் என்பதைப் போகும் முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

என்ன வேஷம் கேட்பது

கர்ணன், துரியோதனன், துச்சாதனன் என்று வாயைத் திறக்காதீர்கள். கட்டியக்காரன் வேஷத்தைச் சுலபம் என்று நினைத்துக் கேட்பவர்களும் உண்டு. அதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமானது. களரியில் முதலில் வருவது அவர், மற்றவர்களை அழைத்து வந்து கேள்வி கேட்டுக் கதையைத் தள்ளுவது அவர், யாராவது கட்டையைக் கட்டி முடிக்காவிட்டால் கால் மணி நேரம் கூட்டத்தைப் பிடித்து வைப்பதும் அவர். அது பத்து வருஷ அனுபவத்துக்குப் பிறகு. அர்ஜுனன் தபசும் வேண்டாம். கம்பத்தில் ஏறி உச்சியில் நின்று பாடும் அந்த வேஷத்துக்கு விரதம் இருக்க வேண்டும். ஊரே அதைப் பூஜையாகப் பார்க்கிறது, புது ஆளிடம் கொடுக்கமாட்டார்கள்.

நகுலன், சகாதேவன், தோழி, தூதன் இவையெல்லாம் வழக்கமான முதல் படிகள். எங்களைக் கேட்டால், பாஞ்சாலியின் துகில் உரியும் கதையான துகில் கூத்தில் விகர்ணன் வேஷத்தைக் கேளுங்கள் என்போம். கௌரவர்களில் பாஞ்சாலிக்காகச் சபையில் எழுந்து பேசுகிறவன் அவன் ஒருவன்தான். நேரம் சின்னது, ஆனால் உள்ளே முழு நாடகம் இருக்கிறது. ஒரு விருத்தம், ஒரு பாட்டு, அண்ணனோடு ஒரு தர்க்கம். நன்றாகச் செய்தால் ஊர் பெயர் கேட்கும். தடுமாறினாலும் பக்கத்தில் துரியோதனன் வேஷக்காரர் நின்று தூக்கிவிடுவார்.

எட்டு வாரத் தயாரிப்பு

கொண்டுபோக வேண்டிய சரக்கு நான்குதான்: ஒரு திரை விருத்தம் (திரைக்குள் நின்று தாளமில்லாமல் பாடுவது), ஒரு திரைத் தரு (அங்கேயே தாளத்தோடு ஆடிப் பாடுவது), ஒரு வசனம், ஒரு தர்க்கப் பாட்டு. எல்லாம் சேர்த்து பன்னிரண்டு நிமிஷம். இருபது பாட்டு அரைகுறையாகத் தெரிந்தவரை விட இந்த நாலை எந்த நேரம் எழுப்பிக் கேட்டாலும் சொல்பவரைத்தான் வாத்தியாருக்குப் பிடிக்கும்.

பாடத்தைக் கையால் எழுதுங்கள். நோட்டின் வலது பக்கம் உங்கள் அடி. இடது பக்கம் அதற்கு முன்னால் எதிராளி சொல்லும் கடைசி வரி. இடது பக்கத்தைப் படித்தால் வலது பக்கம் தானாக வாயில் வர வேண்டும். தங்கள் அடியை மட்டும் எழுதிப் படிக்கிறவர்கள், களரியில் எதிராளி ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னாலும் இது நம் முறையா இல்லையா என்று விழிப்பார்கள்.

தொண்டை. கூத்துச் சுருதி உயரம். வெட்டவெளியில், முகவீணை என்ற ஊதுகுழலுக்கு ஈடாகக் கேட்க வேண்டியது அது. ஆர்மோனியத்தில் முதல் வெள்ளைக் கட்டை ஒன்று, அடுத்தது இரண்டு என்று போனால் நாலு, ஐந்து கட்டையில் பாடச் சொல்வார்கள். வீட்டில் இரண்டு கட்டையில் இனிமையாகப் பாடிப் பழகிவிட்டு அங்கே போய் ஐந்தில் கத்தினால் பத்தாவது நிமிஷம் தொண்டை கட்டும். முதல் வாரம் உங்களுக்குச் சௌகரியமான கட்டையில் தொடங்குங்கள். வாரம் அரைக் கட்டை ஏற்றுங்கள். எட்டு வாரத்தில் எங்கே நிற்கிறீர்களோ அதுதான் உங்கள் சுருதி. அதற்கு மேலே இழுக்காதீர்கள். வாத்தியாரிடம் "எனக்கு நாலரைதான் வரும்" என்று நேராகச் சொல்லுங்கள்.

நேரம் விடியற்காலை நாலரை முதல் ஐந்தரை. முதல் பத்து நிமிஷம் கீழ் ஸ்தாயியில் அகாரம் மட்டும். பிறகு விருத்தம். விருத்தத்துக்குத் தாளம் கிடையாது என்பதால் இஷ்டத்துக்கு இழுக்கலாம் என்று நினைப்பார்கள். அங்கேதான் மூச்சு போய்விடும். ஓர் அடிக்கு இரண்டு மூச்சு என்று குறித்துக்கொள்ளுங்கள், அந்த இடத்தில் மட்டும் வாங்குங்கள். ராகம் மோகனம் ஒன்று, முகாரி ஒன்று கையில் இருந்தால் வருகைக்கும் வருத்தத்துக்கும் போதும். தொண்டை கட்டிய நாளில் கிசுகிசுத்துப் பேசாதீர்கள், அது சத்தமாகப் பேசுவதை விடக் கெடுதல். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுங்கள். ஆவி பிடியுங்கள், வெந்நீர் குடியுங்கள். ஐஸ் போட்ட சர்பத் கோடை முழுக்க வேண்டாம்.

தாளம். ஆதி எட்டு, ரூபகம் ஆறு. இந்த இரண்டும் முதலில். ஒரு காலில் மட்டும் சலங்கை கட்டிக்கொண்டு தருவைப் பாடியபடி நடங்கள். பாட்டு மறக்கும் இடத்தில் கால் நிற்கிறதா, நடக்கிறதா என்று பாருங்கள். கால் நின்றால் பாடம் இன்னும் மூளையில்தான் இருக்கிறது, உடம்புக்கு வரவில்லை. பாட்டு தவறினாலும் சலங்கை விடாமல் விழுந்தால் பின்பாட்டுக்காரர் அந்த அடியை எடுத்துக் கொடுத்து உங்களை உள்ளே இழுத்துக்கொள்வார். சலங்கையும் நின்றுவிட்டால் அவருக்கும் பிடிக்க ஒன்றும் இல்லை.

திரை. புது ஆட்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். இரண்டு பேர் இரண்டு பக்கம் திரையைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். பின்னால் வேஷம். திரைக்குள் நின்றபடி விருத்தம் பாட வேண்டும். பிறகு தரு, கூடவே அடவு. கூட்டத்துக்கு உங்கள் கிரீடமும் தோளில் கட்டும் புஜகீர்த்தியின் நுனியும் சலங்கைச் சத்தமும் மட்டும்தான் தெரியும். அந்த நேரத்தில்தான் "யார் வர்றாங்க?" என்று தூங்குகிற பிள்ளைகளைத் தட்டி எழுப்புவார்கள்.

வீட்டில் ஒரு பழைய போர்வையை இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்லிப் பழகுங்கள். மூன்று தவறுகள் வரும். முதலாவது, பயத்தில் திரையைக் கையால் பிடித்துக்கொண்டு துணியோடு முகத்தை ஒட்டிக்கொள்வது. குரல் துணிக்குள்ளேயே அடங்கிவிடும். துணியிலிருந்து ஓர் அடி தள்ளி நின்று, முகவாயைக் கொஞ்சம் தூக்கி, திரையின் மேல்விளிம்புக்கு மேலே குரலை அனுப்புங்கள். இரண்டாவது, தருவின் கடைசி அடிக்கு முன்பே ஆட்டத்தை முடித்துவிடுவது. மத்தளக்காரர் தீர்மானம் (முடிப்பு அடி) வைத்த பிறகுதான் திரை விலகும். நீங்கள் முன்னால் முடித்தால், திரை விலகும்போது சும்மா நிற்கிற ஓர் ஆளைத்தான் கூட்டம் பார்க்கும். மூன்றாவது, திரை விலகியதும் எதிரில் உள்ள வெளிச்சத்தைப் பார்த்துக் கண் கூசுவது. திரைக்குள் இருக்கும்போது தரையைப் பார்க்காமல் துணியில் விழும் வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே பாடுங்கள். கண் பழகியிருக்கும்.

வசனம். விகர்ணனுக்கு நாங்களே எழுதிப் பழகக் கொடுக்கும் மாதிரி இது:

"சபையில் வீற்றிருக்கும் பெரியோர்களே! / தன்னையே தோற்றுப்போன ஒருவன் / அதற்குப் பிறகு மனைவியைப் பந்தயம் வைக்க / அவனுக்கு உரிமை உண்டா? / இதைக் கேட்டாள் அண்ணி. / பதில் சொல்லாமல் பாட்டனார் முதல் அத்தனை பேரும் / தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருப்பது / எந்த ஊர் நீதி?"

கோடு போட்ட இடத்தில் மூச்சு. "உரிமை உண்டா" என்ற இடத்தில் மத்தளத்தில் ஓர் அடி விழும், அதற்கு இடம் விடுங்கள். "அண்ணி" என்ற சொல்லில் குரலைத் தாழ்த்துங்கள். பலரும் அதைக் கத்துவார்கள். கோபத்தை எல்லாம் முதல் வரியிலேயே கொட்டிவிட்டால் கடைசி வரிக்கு ஒன்றும் மிஞ்சாது. இந்த வசனத்தை இருபது கஜம் தள்ளி நிற்கிற ஒருவருக்குக் கேட்கும்படி, ஆனால் நரம்பு புடைக்காமல் சொல்லிப் பழகுங்கள். சினிமா நடிகர்களின் குரலில் சொல்லாதீர்கள். மைக்குக்குப் பக்கத்தில் முணுமுணுத்துப் பழகிய குரல் அது, களரியில் நாலாவது வரிசைக்குக்கூடப் போகாது.

சுமை. கிரீடம், மார்பதக்கம், புஜகீர்த்தி, காதுக் கட்டை எல்லாம் மரத்தில் செய்தவை. கனம் குறைய வேண்டும் என்றுதான் கல்யாண முருங்கை மரத்தில் கடைவார்கள், அப்படியும் கண்ணாடித் துண்டும் ஜிகினாவும் ஒட்டி, கயிறு போட்டு இறுக்கினால் உடம்புக்குத் தெரியும். கடைசி மூன்று வாரம், ஒரு துண்டில் இரண்டு கிலோ அரிசியைப் பரப்பிச் சுருட்டித் தோளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு ஆடுங்கள். தலையில் சும்மாடு கட்டி, அதன் மேல் அரைக் கிலோ. தலையை ஆட்டிப் பேசுகிற பழக்கம் இருந்தால் இரண்டே நாளில் போய்விடும்.

சித்திரை, வைகாசியில் திருத்தணி, வேலூர் பக்கம் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். பகலில் அடவு பழக வேண்டாம். விடியற்காலை தொண்டை, சாயங்காலம் கால் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

மொழி. எல்லை ஊர்களில் பாட்டு தமிழில் இருந்தாலும், கட்டியக்காரர் கூட்டத்தைப் பார்த்துத் திடீரென்று தெலுங்குக்குப் போவார். "எக்கட நுஞ்சி வச்சினாரு, மகாராஜா?" என்று கேட்டுவிட்டு உங்கள் முகத்தையே பார்ப்பார். தெலுங்கு தெரியாவிட்டால் தமிழிலேயே, ராஜா தோரணை குறையாமல், "எங்கிருந்து வந்தோம் என்றா கேட்கிறாய்?" என்று அவர் கேள்வியைத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பதில் சொல்லுங்கள். தெரியாதவர்களுக்கும் கேள்வி புரிந்துவிடும், உங்களுக்கும் யோசிக்க நேரம் கிடைக்கும். பத்து தெலுங்குக் கேள்விகளையாவது தெரிந்துவைத்துக்கொண்டு போங்கள்.

இந்த எட்டு வாரத்தில் ஒரு வேலை கூடுதல்: கதை. கூத்துப் பாடம் மட்டும் தெரிந்தால் போதாது. மத்தியானப் பிரசங்கத்துக்கு ஆதாரமான வில்லிபாரதத்தில் பத்துப் பருவங்கள் உண்டு. முழுதும் படிக்க முடியாவிட்டாலும், உங்கள் கூத்து வருகிற சருக்கத்தைப் படித்துவிடுங்கள். எதிராளி பாடத்தில் இல்லாத ஒரு கேள்வி கேட்டால் பதில் அங்கிருந்துதான் வரும்.

வாத்தியார் வீட்டில்

போன் செய்து நாள் கேட்டுவிட்டுப் போங்கள். அமாவாசைக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை இதெல்லாம் சிலருக்கு ஆகாது, அவரே சொல்லட்டும். ஒரு தட்டில் வெற்றிலை, பாக்கு, தேங்காய், இரண்டு வாழைப்பழம், பூ, ஒற்றைப்படையில் முடிகிற ஒரு சிறு தட்சிணை. இதை மாமூல் என்று நினைத்துப் பெரிய தொகை வைத்தால் அவர் மனம் கோணும். ஊரையும் வீட்டையும் சொல்லுங்கள். யாரிடமாவது ஏற்கனவே கொஞ்சம் கற்றிருந்தால் அதை மறைக்காதீர்கள். பாட ஆரம்பித்த இரண்டாவது அடியில் யார் பாணி என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

முதலில் ஒரு சாமி பாட்டுப் பாடச் சொல்வார். சுருதியைப் பார்க்க அது. ஆர்மோனியம் இருந்தால் அதைக் கேட்டு நின்று, சுருதி சேர்ந்த பிறகு வாயைத் திறங்கள். அவசரப்பட்டு எடுத்துவிட்டுப் பாதியில் சுருதியைத் தேடுவது எல்லோரும் செய்யும் பிழை. அடுத்து அவர் ஓர் அடி பாடிவிட்டு நிறுத்துவார். நீங்கள் அதை அப்படியே திருப்பிப் பாட வேண்டும். உங்கள் சொந்தக் கமகத்தைச் சேர்க்காதீர்கள். பின்பாட்டுக்கு ஆவீர்களா என்று பார்க்கிறார். அப்புறம் கையால் தாளம் போட்டுக்கொண்டே பக்கத்தில் இருப்பவரிடம் வீட்டுக் கதை பேச ஆரம்பிப்பார். கவனிக்கவில்லை என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். தாளத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக வேகப்படுத்துவார், அல்லது வேண்டுமென்றே ஒரு தட்டு விட்டுவிடுவார். உங்கள் கால் என்ன செய்கிறது என்பதுதான் சோதனை.

கடைசியில் யாராவது ஒரு பழைய வேஷக்காரரைக் கூப்பிட்டு, "தம்பியோட கொஞ்சம் தர்க்கம் பண்ணு" என்பார். அவர் பாடத்தில் இல்லாததைப் பேசுவார். "நீ விகர்ணனா? உன் தம்பி எத்தனை பேர், பேர் சொல்லு" என்பார். நூறு பேர் பெயர் யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. "அண்ணனைக் கேட்கவேண்டிய நேரத்தில் தம்பிகளை எண்ணச் சொல்கிறாயே, அடே!" என்று வேஷத்தை விடாமல் ஏதாவது சொல்லித் தருவுக்குள் வந்துவிட்டால் போதும். சிரித்துவிட்டு, "தெரியலைங்க அண்ணா" என்று உங்கள் சொந்தக் குரலுக்கு இறங்கினால் அன்றைய சோதனை அங்கே முடிந்தது.

"அடுத்த வாரம் சின்னக் கூத்து இருக்கு, வந்து பின்பாட்டுல உட்காரு" என்று சொன்னால் நீங்கள் பாதி தேறிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்த ராத்திரி முழுக்க வாத்தியக்காரர்கள் உட்காரும் விசிப்பலகைக்குப் பின்னால் நின்று பின்பாட்டுப் பாடுங்கள். மூன்று மணிக்குக் கண் சொருகும், அப்போது உட்காராதீர்கள். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு நிறையத் தயிர்சாதமும் வேண்டாம். எட்டு மணிக்குள் பாதி வயிற்றுச் சாப்பாடு, பனிரண்டு மணிக்கு மேல் வெந்நீரோ சுக்குக் காப்பியோ. அந்த மத்தியானம் மூன்று மணி நேரம் தூங்கியிருக்க வேண்டும். குடித்துவிட்டு வந்தால் மறுபடி கூப்பிடமாட்டார்கள்.

"பார்க்கலாம், சொல்லி அனுப்புறேன்" என்றால் அது பெரும்பாலும் இப்போதைக்கு இல்லை என்பதுதான். எதனால் என்று மரியாதையாகக் கேளுங்கள். "சுருதியா, தாளமா, வாத்தியாரே?" என்று குறிப்பாகக் கேட்டால் சொல்லிவிடுவார். "எப்படிப் பாடினேன்?" என்று பொதுவாகக் கேட்டால், "நல்லாத்தான் பாடினே" என்பதோடு போய்விடும்.

பேசிக்கொள்ள வேண்டிய கணக்கு

வேஷம் உறுதியானதும், பணத்தைப் பேசக் கூச்சப்படாதீர்கள். ராத்திரிக்கு இவ்வளவு என்று சம்பளமா, பங்கா? பங்கு முறை உள்ள ஜமாவில் புது ஆளுக்கு முழுப் பங்கு வராது. அரையா, காலா, எத்தனை ராத்திரிக்குப் பிறகு உயரும் என்று கேளுங்கள். முன்பணம் வாங்கினால் அந்த வருஷம் முழுக்க அந்த ஜமாவுக்குத்தான் ஆட வேண்டும். நடுவில் வேறு ஜமாவுக்குப் போனால் பேர் கெடும், ஒரு ஜமாவில் கெட்ட பேர் சுற்று வட்டாரம் முழுக்கப் பரவும். வேலைக்குப் போகிறவர்கள் எந்தெந்த ராத்திரி வர முடியாது என்பதை மாசியிலேயே சொல்லிவிடுங்கள். சாப்பாடு ஊர் கொடுக்கிறதா, வண்டி ஜமாவுடையதா என்பதும் அப்போதே.

கட்டை பொதுவாக ஜமாவுடையது. சலங்கை, உள்ளே போடும் பனியன், இடுப்பில் சுற்றப் பழைய புடவை, துடைக்கத் துண்டு, தேங்காய் எண்ணெய் பாட்டில் உங்களுடையது.

முதல் ராத்திரி

இரண்டு மணி நேரம் முன்பே வேஷம் கட்டும் கொட்டகைக்குப் போய்விடுங்கள். செருப்பை வெளியே விடுங்கள். அரிதாரம் பழைய வழக்கப்படி உண்மையான அரிதாரமாக இருந்தால் அதில் பாஷாணம் இருக்கிறது. உதட்டில் படாமல் பாருங்கள், மை தொட்ட கையால் எதையும் சாப்பிடாதீர்கள். இப்போது பலரும் கடையில் கிடைக்கும் வர்ணப் பவுடர்தான் குழைக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் முதல் நாளே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிப் பாருங்கள், அரித்தால் சொல்லிவிடுங்கள். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை என்பது போல ஒவ்வொரு வேஷத்துக்கும் நிறம் உண்டு. உங்களுடையதை ஜமா சொல்லும், நீங்களாக மாற்றாதீர்கள்.

மார்பதக்கக் கயிறு இறுக்கும்போது மூச்சை நிறைய இழுத்துப் பிடித்துக்கொண்டு நில்லுங்கள். மூச்சை விட்ட நிலையில் கட்டிவிட்டால் விருத்தத்தின் முதல் அடியிலேயே நெஞ்சு முட்டும், அப்போது அவிழ்க்க நேரம் இருக்காது. கட்டி முடித்ததும் ஓர் அடி பாடிப் பாருங்கள். கிரீடம் கடைசியில், திரைக்குப் போகிற நேரத்தில்தான். சீக்கிரமே வைத்துக்கொண்டால் நெற்றி நரம்பு அழுந்தித் தலைவலி வரும்.

மைக் நடுவில் தொங்கும். அது எங்கே தொங்குகிறது என்பதைக் கூட்டம் வருமுன் போய்ப் பார்த்து, அடியில் நின்று தரையில் ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். ஆடும்போது எங்கே போனாலும் பாட்டின் முதல் அடிக்கு அந்த அடையாளத்துக்கு வந்துவிட வேண்டும்.

துகில் ராத்திரியில் இன்னொன்றும் நடக்கும். பாஞ்சாலியின் கூந்தல் அவிழும்போது கூட்டத்தில் சிலருக்குச் சாமி வரும். சில சமயம் வேஷக்காரருக்கே ஆவேசம் வரும். அவரைப் பிடிக்க யாரை நிறுத்தியிருக்கிறார்கள் என்று முன்பே தெரிந்துகொண்டு, நீங்கள் இரண்டடி விலகித் தாளத்தில் நில்லுங்கள். உதவி செய்கிறேன் என்று நடுவில் போக வேண்டாம். கற்பூரம் காட்டித் தெளிந்ததும் பின்பாட்டு எங்கே எடுக்கிறதோ அங்கிருந்து தொடருவார்கள்.

விடிந்து மங்களம் பாடியதும், உட்காரும் முன்பே கட்டையை அவிழ்த்துவிடுங்கள். முதலில் கிரீடம், பிறகு புஜகீர்த்தி, காதுக் கட்டை, மார்பதக்கம். ஒவ்வொன்றையும் துடைத்து, கண்ணாடி மேலே இருக்கும்படி பெட்டிக்காரர் கையில் கொடுங்கள், தரையில் வைக்காதீர்கள். சலங்கையைக் கண்ணில் ஒற்றி மடித்து வையுங்கள். முகத்துக்குத் தண்ணீர் போடும் முன் தேங்காய் எண்ணெய் தடவி ஐந்து நிமிஷம் விட்டுத் துணியால் வழித்தெடுங்கள், சோப்பு அதற்குப் பிறகு. நகரி, புத்தூர் பக்கத்து ஊராக இருந்தால் காலையில் ரேணிகுண்டாவிலிருந்து அரக்கோணம் வரும் ரயிலுக்கு நேரம் பார்த்துக்கொண்டு வாத்தியாரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். சொல்லும்போது அடுத்த கூத்து எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று அவரிடமே கேட்டு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்.